பனிமூட்டத்தில் யாருக்கு வழி

என் தங்கைக்குக் கீரனூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கப்பலில் அதிகாரி என்றார் புரோக்கர். அதைச் சொல்லும்போது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அகல விரித்துக் கப்பலின் நீளத்தைக் காட்டினார். அப்பாவுக்கு அந்த நீளம் போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

என் வேலை அப்படி. திண்டுக்கல்லில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வாகன விபத்துப் பிரிவில் இருக்கிறேன். இடித்தவர்களும் இடிபட்டவர்களும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து நடந்ததைச் சொல்வார்கள். தவறு தன் பக்கம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று பிடிபட்டிருக்கிறது. கதை கட்டுகிறவர்கள் முதலிலிருந்து வரிசையாகச் சொல்வார்கள். "நான் என் சைடுலதான் வந்தேன் மேடம், மெதுவாத்தான் வந்தேன், ஹாரன் அடிச்சேன், இண்டிகேட்டர் போட்டேன்" என்று கடகடவென்று வரும். நிஜமாகவே இடித்தவர்களுக்கு அந்த வரிசை வராது. தார் ரோட்டில் உருண்டு போன தூக்குவாளியைப் பற்றிச் சொல்வார்கள். எதிரே வந்தவரின் ஒற்றைச் செருப்பைப் பற்றிச் சொல்வார்கள். வண்டி எந்தப் பக்கம் வந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

அலுவலகத்தில் கற்றது இது என்றால், வீட்டிலும் எனக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. பெங்களூரில் பெரிய கம்பெனியில் வேலை என்று சொல்லி எனக்கு ஒருவரைக் கட்டி வைத்தார்கள். அவர் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தது உண்மைதான், ஆனால் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பே அந்த வேலை போய்விட்டிருந்தது. தினமும் காலையில் நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பையோடு கிளம்பிப் போய், ஒரு பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தார். அதைக் கண்டுபிடித்த வாரமே ஊர் திரும்பிவிட்டேன். வேலை போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சாப்பாடு எப்படி இருந்தது, அலுவலகத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டபோதெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்கள்தான் பெரிதாகத் தெரிந்தன.

அதனால் கீரனூர் வரனை நான் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். வெள்ளைச் சீருடையில் தோளில் தங்கக் கோடுகளோடு ஒரு போட்டோ. அந்தச் சட்டையை எந்தத் தையற்கடையிலும் தைத்துவிடலாம். அதைவிட, ஆள் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஊரிலேயே இருக்கிறார். கப்பல்காரர்கள் சில மாதம் வேலை, சில மாதம் லீவு என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

"மேல்படிப்பும்மா. கேப்டன் ஆகணும்ல, அதுக்குப் பெரிய பரீட்சை இருக்கு. படிக்கிறாரு" என்றார் புரோக்கர்.

"எங்க படிக்கிறாரு?"

"வீட்டுலதான்."

அப்பா என்னை முறைத்தார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்து எங்களை ஆளாக்கியவர். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடத் தெரியும் என்று அவருக்கு எண்ணம். என் கல்யாணத்திலும் அப்படித்தான் எடைபோட்டார். அதை நான் ஒருநாளும் அவரிடம் சொல்லிக் காட்டியதில்லை.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முந்தைய வாரம் முழுக்க, அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் போனில் கப்பல் விஷயங்களைத் தேடிப் படித்தேன். கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க உலகத்துக்கே பொதுவாக ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கு அது நன்கு பழகிய சமாச்சாரமாக இருந்தது. யார் வழி விட வேண்டும், யார் தன் போக்கில் நேராகப் போகலாம், முந்துகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ரோட்டு விதிகளைப் போலத்தான். குறுக்கே இரண்டு கப்பல்கள் வந்தால், எது மற்றதைத் தன் வலது பக்கத்தில் பார்க்கிறதோ அது வழி விட வேண்டும். இது நன்றாக மனதில் பதிந்தது. பொய்க்காரன் என்றால் இதிலேயே மாட்டிக்கொள்வான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். முதலில் என் கண்ணில் பட்டவர் இந்த அக்கா வீட்டுக்காரர்தான். மாப்பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் அவர்தான் பதில் சொன்னார். "எந்த ஊர்லங்க படிச்சீங்க?" என்று அப்பா கேட்டால், "மெட்ராஸ்லங்க" என்று மச்சானின் குரல். "கடல் காத்து ஒத்துக்குதா?" என்று அம்மா கேட்டால், "அதெல்லாம் பழகிப்போச்சுங்க" என்று மச்சானின் குரல். மாப்பிள்ளை கேசரியைக் கரண்டியால் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கைகளில் புதிதாகக் காய்ப்பு. வீட்டிலிருந்து பரீட்சைக்குப் படிக்கிறவரின் கைகளாக எனக்கு அவை தெரியவில்லை.

தங்கை காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறவள். கூச்சப்படமாட்டாள், நேராகத்தான் பார்ப்பாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் கேட்டேன்.

"ஒரு சந்தேகங்க. கடல்ல ரெண்டு கப்பல் குறுக்க வந்தா யாரு வழி விடணும்?"

மச்சான் வாயைத் திறந்தார், பதில் வரவில்லை. மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"எதிராளிய வலது பக்கம் யாரு பாக்குறாங்களோ அவங்கதானுங்க."

ஒரே மூச்சில் வந்தது. பாடப் புத்தகத்தில் இருப்பது போலவே. இதை யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வரலாம். அதனால் அடுத்ததைக் கேட்டேன்.

"பனிமூட்டமா இருந்தா?"

"அப்ப யாருக்கும் வழி கெடையாதுங்க."

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். "நான் படிச்சதுல அப்படி இல்லையே. வலது பக்கக் கப்பலுக்குத்தான் வழின்னு இருந்துச்சு."

"பெரிய பொண்ணு பரீட்சை வைக்கிறாங்களாட்ட இருக்குது" என்று மச்சான் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

"அது ஒருத்தர ஒருத்தர் கண்ணுல பாத்துக்கிட்டாத்தானுங்க. பனியில கண்ணுக்குத் தெரியாதுல்லங்க. அதுக்கு வேற சட்டம். ரெண்டு பேருமே வெலகோணும். மொதல்ல வேகத்தக் கொறைக்கோணும். எஞ்சின எந்த நேரமும் நிறுத்தற மாதிரி தயாரா வச்சுக்கோணும். ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஒருக்கா நீளமா ஒரு ஊது ஊதோணும். ராடார்ல மட்டும் ஒரு கப்பல் முன்னாடி தெரிஞ்சா, இடது பக்கம் திருப்பாம இருக்கோணும். கொஞ்சூண்டு தகவல வச்சுக்கிட்டு இப்படித்தான் இருக்கும்னு முடிவு பண்ணக் கூடாது. முன்னாடி எங்கியோ இன்னொரு ஊதல் கேட்டுதுன்னா..."

அங்கே நின்றார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுதுன்னா, கப்பல் தெச மாறாம இருக்கற அளவுக்கு மட்டும் வேகத்த வச்சுக்கோணும். தேவைப்பட்டா நின்னே போயிரோணும். ஆனா அந்தச் சத்தம் எந்தப் பக்கம்னு காது சொல்லாதுங்க. பக்கத்துல வந்தப்பறமும் வலது பக்கம் மாதிரித்தான் இருந்துச்சு."

மச்சான் அவர் முழங்காலில் கையை வைத்தார். "பழனிக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்குங்க?" என்று அப்பாவிடம் கேட்டார். அவர்கள் வந்தது காரில்.

அவர்கள் போனதும் அப்பா வெற்றி பெற்றவரைப் போல என்னைப் பார்த்தார். "என்னத்தா, இம்புட்டு வெவரம் தெரியாதவனா சொல்லுவான்? போதுமா ஒனக்கு?"

மறுநாள் அலுவலகத்தில் மறுபடி படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான்தான் பாதியில் நிறுத்தியிருந்தேன். நான் படித்த விதிக்கு மேலேயே, இவையெல்லாம் ஒன்றையொன்று கண்ணால் பார்க்கும் கப்பல்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது. பார்வை மறைக்கும் பனிக்கும் மழைக்கும் விதி தனியாகத்தான் இருந்தது. ஆக, ஆள் நிஜமாகவே கப்பல்காரர். சந்தேகம் அதோடு தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை எனக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் 'கொறைக்கோணும், ஊதோணும், இருக்கோணும்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அந்த ஒன்றை மட்டும் 'இருந்துச்சு' என்றார். என் மேஜைக்கு எதிரே உட்காருகிறவர்களிடம் நான் காத்திருப்பது இந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான். முதல் கேள்விக்கு அவர் புத்தகத்திலிருந்து பதில் சொன்னார். இரண்டாவது கேள்விக்கான பதில் வேறு எங்கிருந்தோ வந்தது.

தங்கையிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை.

"வாய் தவறியிருக்கும்."

"இருக்கலாம். மச்சான் ஏன் பஸ்ஸப் பத்திக் கேட்டாரு?"

"அக்கா" என்றாள். துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு வந்தவன் பொய்க்காரன். அதுக்காக எனக்கு வாரவனும் பொய்க்காரனா இருக்கணுமா? ஒனக்கு அதுதான் வேணுமா?"

அப்படி ஒன்று எனக்குள் இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் அந்த வாரத்தில் ஒருநாள் லீவு போட்டுவிட்டு, வீட்டில் அலுவலகம் போவதாகச் சொல்லிவிட்டுப் பழனி பஸ்ஸில் ஏறினேன். பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் பொய் சொல்லித்தான் வந்திருக்கிறேன் என்பது உறைக்கவில்லை. உறைத்தபோது இறங்கத் தோன்றியது. இறங்கவில்லை.

பழனியில் பஸ் மாறிக் கீரனூரில் இறங்கியதும், பக்கத்திலிருந்த உரக்கடையில் போய்த் தண்ணீர் கேட்டேன். முருங்கைத் தோப்பு விலைக்கு வருகிறதா என்று விசாரிக்கிற மாதிரி பேச்சைத் தொடங்கினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, பொண்ணு வீடுங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆமாம், கப்பல்காரருக்குத்தான் என்றேன்.

"நல்ல பையனுங்க. குடி கிடி ஒண்ணும் கெடையாது. முருங்கையும் மக்காச்சோளமும் அவந்தான் பாத்துக்கறான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு அவனே காய் ஏத்திட்டுப் போறான்."

"பரீட்சைக்குப் படிக்கிறாருன்னாங்க?"

"படிக்கறானுங்களா? எனக்குத் தெரியலீங்க. கப்பலுக்கு இனிமே போக மாட்டானாட்டத்தான் இருக்குது. அங்க என்னமோ ஆயிப்போச்சுன்னாங்க. நான் கேட்டுக்கலீங்க."

கேட்டுக்கொள்ளவில்லை என்று சொன்ன வேகத்திலேயே, அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது. மேலே கேட்பதற்குள் உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை மண் அப்பிய செருப்போடு பைக்கில் வந்து இறங்கினார்.

"என்னையத்தான் தேடி வந்தீங்களாங்க?"

கடையில் வைத்துப் பேச வேண்டாம் என்றேன். அதே சமயம் கடைக்காரர் கண்ணில் படாத இடத்துக்குப் போகவும் எனக்கு மனமில்லை. ரோட்டோரத்தில் ஒரு புளியமரம் இருந்தது. அதன் கீழே நின்றோம்.

"அன்னிக்கு நீங்க சொன்னீங்கல்ல, வலது பக்கம் மாதிரித்தான் இருந்துச்சுன்னு. எது?"

அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை. ஆனால் உடனே சொல்லவும் இல்லை. பைக்கின் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒரு நீலக் கொடங்க" என்றார். "பிளாஸ்டிக் கொடம். நம்ம வீட்டுல இருக்கற மாதிரியே. அது மெதந்துக்கிட்டு வந்துச்சு."

அதன்பின் சொன்னதெல்லாம் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. காலை நேரம். நல்ல பனி. கப்பலின் முன்பக்கமே தெரியவில்லை. கப்பலைச் செலுத்தும் பொறுப்பு அப்போது அவருடையது. கேப்டனைக் கூப்பிட்டிருந்தார், அவர் மேலே வந்துகொண்டிருந்தார். ராடாரில் முன்னால், கொஞ்சம் வலது பக்கமாக, ஒரு பெரிய கப்பல் தெரிந்தது. அதற்கும் வலது பக்கத்தில் புள்ளி புள்ளியாக மீன்பிடிப் படகுகள். இடது பக்கம் எதுவும் இல்லை.

"இல்லைன்னு நெனச்சேனுங்க. மரப்படகு ராடார்ல சரியா விழாதுங்க. அலையா படகான்னு தெரியாது. இடது பக்கம் திருப்பச் சொன்னேன். கேப்டன் வந்ததுக்கப்பறம் வேகத்தக் கொறச்சுக்கலாம்னு இருந்துட்டேன். தகர ஊதுகொழல் மாதிரி ஒரு சத்தம் கேட்டுச்சு. வலது பக்கம்னு நெனச்சேன். அந்தப் பெரிய கப்பலுக்குப் போயி அவ்வளவு சின்ன ஊதலான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனுங்க. அந்த ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கோணும்."

இடது பக்கத்தில் இருந்த மரப்படகு உடைந்தது. அதில் இருந்தவர்களைத் தூக்கினார்கள். ஒருவர் மட்டும் கிடைக்கவில்லை. விசாரணை நடந்து, அவருடைய சான்றிதழைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். அந்தக் காலம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது போகலாம். போகவில்லை.

நான் கேட்டுக்கொண்டே அவரைக் கவனித்தேன். நீலக்குடம் உண்மை என்று பட்டது. மற்றதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"பெண் பாக்க வந்தன்னிக்கே இத ஏன் சொல்லல?"

"புரோக்கர்கிட்டச் சொல்லியாச்சு, பொண்ணு வீட்டுக்கு எல்லாம் தெரியும்னு மச்சான் சொன்னாருங்க. நீங்க கேள்வி கேட்டப்பறந்தான், உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு எனக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்பறமும் சொல்லலையே."

சாவி திரும்புவது நின்றது.

"நான் எங்க வீட்ல சொல்ல மாட்டேன்" என்றேன். "நீங்களே வந்து சொல்லணும். மச்சான் இல்லாம."

தலையை ஆட்டினார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தத் தலையாட்டலை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நேரே மச்சானிடம் போவார், இரண்டு பேரும் உட்கார்ந்து வேறொரு கதையைத் தயார் செய்வார்கள் என்றுதான் தோன்றியது.

பாதி சரியாகத்தான் நினைத்திருந்தேன். மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள்.

"நேத்து எங்கடி போன?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா கூடத்திலிருந்து பேசினார். குரலை உயர்த்தவில்லை. "மாப்பிள்ளையோட மச்சான் போன் பண்ணாரு. எங்கள நம்பலைன்னா நேராச் சொல்லியிருக்கலாம், ஒங்க மூத்த பொண்ணு தனியா வந்து எங்க பையனோட மரத்தடியில நின்னு பேசுறது நல்லாவா இருக்குங்கிறாரு. ஊரே பாத்துச்சாம்."

"விசாரிக்கத்தாம்ப்பா போனேன்."

"என்ன விசாரிச்ச?"

சொல்லியிருக்கலாம். ஆனால் அவரே சொல்ல வேண்டும் என்று வாக்குக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். "ரெண்டு நாள் பொறுங்க. மண்டபத்துக்கு முன்பணம் எதுவும் குடுத்துராதீங்க" என்று மட்டும் சொன்னேன். அது எல்லாவற்றையும் இன்னும் மோசமாக்கியது. அம்மா என்னை மேலிருந்து கீழாகப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. தன் தங்கைக்கு வந்தவன் மேல் இவளுக்குக் கண் என்று அவள் நினைத்தாள். சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்தது. மற்றவர்களை அப்படிப் பார்த்தே பழகிய எனக்கு, அந்தப் பார்வைக்கு எதிரே நிற்பது எப்படி இருக்கும் என்பது அன்றுதான் புரிந்தது. என்ன சொன்னாலும் அது ஒரு கதையாகத்தான் கேட்கும்.

தங்கை என்னிடம் பேசவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே அறையில், அவள் பாட்டுக்கு வேலைக்குப் போனாள், வந்தாள். அவளுடைய போனை முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்திருந்தாள். கீரனூரிலிருந்து அவளுக்கும் ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதையும் கவனித்தாள்.

சனிக்கிழமை மதியம் அவர் வந்தார். பஸ்ஸில், தனியாக. பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்த சட்டையையே போட்டிருந்தார். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவர் எழுந்து, "வாங்க மாப்ள, சொல்லாமக் கொள்ளாம" என்று தடுமாறினார். மாப்பிள்ளை உட்காரவில்லை. எல்லோரையும் கூப்பிடச் சொன்னார்.

புளியமரத்தடியில் சொன்னதைவிட இப்போது மோசமாகச் சொன்னார். பல இடத்தில் நின்றது. நடுவில் இங்கிலீஷில் போய்விட்டுத் திரும்ப வந்தார். அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. ஆனால் 'ஒருத்தரு கெடைக்கலீங்க' என்பது அவளுக்குப் புரிந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இத மொதல்லயே சொல்லணும்ல தம்பி" என்றார் அப்பா. மாப்பிள்ளை என்ற வார்த்தை போய்விட்டிருந்தது. "ஒரு உசுரு போயிருக்கு. படிப்பு லீவுன்னுல்ல சொன்னீங்க."

"நான் சொல்லலீங்க. ஆனா சொன்னப்ப சும்மா இருந்தேனுங்க."

தங்கை நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தக் கெடைக்காதவரோட வீட்டுக்கு நீங்க போனீங்களா?"

"கம்பெனியில போனாங்க. என்னையப் போக வேண்டாம்னுட்டாங்க. வக்கீலும் அப்படித்தான் சொன்னாரு."

"விசாரணை முடிஞ்சப்பறம்?"

"போகலீங்க."

அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு எல்லோரையும் பொதுவாகக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். வாசல் வரை நான்தான் போனேன்.

உள்ளே வந்தபோது எனக்கு ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. நான் அந்த ஆளை நம்பினேன். மச்சானை மீறி, பஸ் ஏறி வந்து, பொண்ணு வீட்டுக் கூடத்தில் நின்று இதைச் சொல்கிறவன் என்னோடு பெங்களூரில் குடித்தனம் நடத்திய ஆளைப் போன்றவன் இல்லை. இதைத் தங்கையிடம் சொன்னேன். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு ஒருவருக்காக நான் வாதாடினேன்.

"தப்பு பண்ணாத ஆளு எங்கடி இருக்கான்? அவரு வந்து சொன்னாரு பாரு. அது எம்புட்டுப் பெரிசு தெரியுமா?"

"நீ போய்க் கேட்டதால சொன்னாரு."

"சரி, கேட்டதுக்காவது சொன்னாருல்ல."

"அக்கா, நீ அவரு சொன்னத நம்புற. அது பொய்னு நானும் சொல்லல. ஆனா எங்கிட்ட நாலஞ்சு நாள் போன்ல பேசுனாரு. என்ன சாப்பாடு, என்ன வேல, பேஷண்ட்டுங்க எப்படின்னு சிரிச்சுச் சிரிச்சுக் கேட்டாரு. நான் கப்பலப் பத்திக் கேட்டப்பல்லாம் அடுத்த வருஷம் இந்த ஊரு, அந்த ஊருன்னு சொன்னாரு. போற எண்ணமே இல்லாதப்ப. அந்தப் பேச்சத்தான் நான் இப்பக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு வேண்டாம்."

அவர்கள் போனில் பேசிக்கொண்டது எனக்கு அதுவரை தெரியாது. எல்லாவற்றையும் கண்காணித்துக்கொண்டிருந்த நான் என் பக்கத்துக் கட்டிலில் நடந்ததைக் கவனிக்கவில்லை. அவளை மாற்ற அதற்குப் பிறகு நான் முயலவில்லை. அவள் சொன்னவை என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியவை.

அப்பா புரோக்கரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மச்சான் மறுபடி போன் செய்தார். பையன் மனசு கெட்டுப்போனதற்கு நான்தான் காரணம் என்றாராம். அப்பா அதை என்னிடம் சொல்லிவிட்டு, "நீ போனது நல்லதுதான் ஆத்தா" என்றார். மறுநாள் காலையில் அம்மா எனக்குக் கட்டிய சாப்பாட்டில் நான் கேட்காமலே உருளைக்கிழங்கு வெஞ்சனம் இருந்தது. எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், தங்கையும் நானும் அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். வேறு இரண்டு வரன்கள் வந்து, பேச்சளவில் நின்றிருந்த சமயம். அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"அவரு கப்பலுக்குப் போயிட்டாரா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீ விசாரிக்கலையா?"

"இல்ல."

அவள் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. "விசாரிச்சுச் சொல்லு" என்றாள்.

உரக்கடைப் பலகையில் இருந்த போன் எண் என் நினைவில் இல்லை. புரோக்கரிடம் கேட்டால் வேறு அர்த்தம் வரும். கடைசியில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு கீரனூர் டிராக்டர்காரரிடம், அவருடைய விபத்தைப் பற்றிக் கேட்டு முடித்தபின் சாதாரணமாகக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்தக் கப்பல்காரத் தம்பிங்களா? போன மாசம் எங்கியோ வடக்க போனானுங்க. யாரோ மீன்காரங்க வீட்டப் பாக்கோணும்னு சொல்லிட்டுப் போனான். அங்கிருந்து அப்படியே கப்பலுக்குப் போறானா, திரும்பி வர்றானான்னு வீட்டுலயே தெரியலீங்க."

உண்மையா, அல்லது ஊரில் கட்டிய பேச்சா என்று யோசித்தேன். தங்கையிடம் அப்படியே சொன்னேன், என் யோசனையையும் சேர்த்து. அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையில் கிளிப்பைக் குத்தியபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். பையை எடுத்துக்கொண்டு, "சாயங்காலம் வர லேட்டாகும், வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.